ஓதம், ஷாக், பெயர்ந்து விழற காரை: வாடகை வீட்டுப் பாதுகாப்புக்கு ஹவுஸ் ஓனர் எவ்வளவு பொறுப்பு? தமிழ்நாட்டுல குடியிருக்கிறவங்களுக்கு முழு வழிகாட்டி

ரெண்டு வருஷம் முன்னாடி ஐப்பசி மழையில, ராத்திரி ரெண்டு மணி இருக்கும், ஹால்ல டொம்முனு ஒரு சத்தம். ஓடிப்போய் லைட்டைப் போட்டா, சீலிங்ல இருந்து தோசைக்கல் அளவுக்கு காரை பெயர்ந்து விழுந்து கிடக்கு, அது விழுந்த இடத்துல எங்க பொண்ணோட ஸ்கூல் பை. சாயங்காலம் முழுக்க அவ அங்கதான் உட்கார்ந்து ஹோம்வொர்க் பண்ணிட்டிருந்தா. மேல பார்த்தா துருப்பிடிச்ச கம்பி பல்லைக் காட்டிட்டு இருக்கு. ஓனருக்கு காலையில போன் பண்ணினேன். "மழைக்கு எந்த வீட்லதாம்மா ஒழுகாம இருக்கு, மழை முடியட்டும், பார்க்கலாம்"னார். அதே பதிலை அதுக்கு முந்தின வருஷமும் சொல்லியிருந்தார். எத்தனை தடவை போன்ல சொல்லியிருப்பேன்னு எனக்கே கணக்கு இல்ல, ஆனா சொன்னதுக்கு ஒரு துண்டுச் சீட்டு ஆதாரம் கூட என்கிட்ட இல்ல.

அதுக்கப்புறம்தான் சட்டத்தை எடுத்துப் படிச்சேன். ரிப்பேர் பண்ணித் தர்றது ஓனர் நம்ம மேல இரக்கப்பட்டு செய்யற உதவின்னு நான் நினைச்சிட்டு இருந்தேன், இல்லைங்க, அது சட்டப்படி அவர் செஞ்சே ஆக வேண்டிய வேலை. ஆனா அந்த உரிமையை நீங்க எடுத்துப் பயன்படுத்தணும்னா பேச்சு உதவாது, எழுத்து வேணும். நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதை வரிசையா சொல்றேன்.

முதல்ல எந்தச் சட்டம்னு தெரிஞ்சுக்கோங்க

இப்போ தமிழ்நாட்டுல நடைமுறையில இருக்கிறது தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குபடுத்துதல் சட்டம், 2017. பேர் நீளம், சுருக்கமா 2017 வாடகைச் சட்டம்னு வெச்சுக்கலாம். 2019 பிப்ரவரி 22ல இருந்து அமலுக்கு வந்தது, அதோட 1960ல வந்த பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போச்சு. 2021 ஜூன்ல மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த மாதிரி வாடகைச் சட்டம்னு ஒண்ணு நியூஸ்ல அடிக்கடி வரும், அது மாநிலங்களுக்கான ஒரு மாதிரி மட்டும்தான், தமிழ்நாட்டுல நம்ம சட்டம் அதுக்கு முன்னாடியே வந்தாச்சு.

இதுக்கெல்லாம் அடியில 1882ல வந்த சொத்து மாற்றுச் சட்டமும் இருக்கு. அதுல 108வது பிரிவுல மூணு விஷயம் நமக்கு முக்கியம். வீட்ல ஓனருக்கு மட்டும் தெரிஞ்ச, நாம சாதாரணமா பார்த்தா கண்டுபிடிக்க முடியாத பெரிய குறை இருந்தா அதை அவர் முன்கூட்டியே சொல்லியாகணும். அவர் செய்ய வேண்டிய ரிப்பேரை நோட்டீஸ் கொடுத்தும் நியாயமான நேரத்துக்குள்ள செய்யலைன்னா, குடியிருக்கிறவர் செஞ்சுட்டு செலவை வட்டியோட வாடகையில கழிக்கலாம். தீ, புயல், வெள்ளத்துல வீடு நிரந்தரமா பயன்படாத அளவுக்குப் போயிட்டா குத்தகையை முடிச்சுக்கற உரிமை குடியிருக்கிறவருக்கு உண்டு. ஆனா இந்தப் பழைய சட்டத்துல ஒரு ஓட்டை, எந்தெந்த ரிப்பேர் ஓனர் செய்யணும்னு அதுல பட்டியலே இல்ல, அக்ரிமென்ட்ல என்ன எழுதியிருக்கோ அதுதான். 2017 சட்டம் அந்த ஓட்டையைத்தான் அடைச்சது, பின்னாடி இரண்டாவது அட்டவணைன்னு ஒண்ணு போட்டு யாருக்கு எதுன்னு பிரிச்சு எழுதிட்டாங்க.

யாருக்கு எது பொறுப்பு

15வது பிரிவும் இரண்டாவது அட்டவணையும்தான் இந்த விஷயத்துக்கே உயிர். ஓனர் பக்கம் நாலே நாலுதான், ஆனா நாலும் பெருசு: கட்டிட அமைப்பு சம்பந்தப்பட்ட ரிப்பேர் எல்லாம் (நாம உடைச்சது தவிர), சுவருக்கு வெள்ளையடிக்கிறது கதவு ஜன்னலுக்கு பெயின்ட் அடிக்கிறது, தேவைப்படும்போது பைப் மாத்துறதும் பிளம்பிங்கும், உள்ளேயும் வெளியேயும் எலக்ட்ரிக் வயரிங்கும் அது சம்பந்தப்பட்ட பராமரிப்பும்.

நம்ம பக்கம் பட்டியல் நீளமா இருக்கும், பார்த்துட்டு பயப்படாதீங்க, எல்லாம் சில்லறை வேலை. டேப், டேப்போட வாஷர், டிரெயினேஜ் அடைப்பு எடுக்கிறது, டாய்லெட், வாஷ்பேசின் ரிப்பேர், கீசர், சுவிட்ச், பிளக் பாயின்ட், எம்சிபி, கிச்சன்ல இருக்கிற ஃபிட்டிங்ஸ், கதவு அலமாரி பூட்டு, கைப்பிடி, கொசுவலை, ஜன்னல் கண்ணாடி, தோட்டம் இருந்தா அதோட பராமரிப்பு. இதுல எதுக்காவது ஓனருக்கு போன் பண்ணி சண்டை போடாதீங்க, டேப் வாஷருக்கு சண்டை போட்டவங்க சீலிங் விழுதுன்னு சொன்னா அதையும் அதே காதுலதான் வாங்குவாங்க.

குழப்பம் வர்ற இடம் நடுவுல இருக்கு. சுவிட்ச் மாத்துறது நம்ம வேலை, ஆனா எத்தனை சுவிட்ச் மாத்தினாலும் கருகிட்டே இருக்குன்னா கோளாறு வயரிங்ல, அது ஓனர் வேலை. டாய்லெட் அடைப்பு நம்மளது, சுவருக்குள்ள போற பைப் வெடிச்சு கசிஞ்சா ஓனரோடது. அதனால ஒரு எலக்ட்ரீஷியனையோ பிளம்பரையோ கூப்பிட்டு காரணம் என்னன்னு பாருங்க, அவர் சொல்றதை ஒரு பேப்பர்ல எழுதி வாங்குங்க, "வயரிங் பழசு, எர்த் இல்ல"ன்னு ரெண்டு வரி போதும், பின்னாடி அது தங்கம் மாதிரி.

ஓதம் பத்தி தனியா சொல்லணும். சுவர் ஊறி, பெயின்ட் பொக்களம் பொக்களமா கிளம்பி, பின்னாடி கறுப்பா பூஞ்சை பிடிக்குதே, அதை பாதி பேர் அழகு சம்பந்தப்பட்ட விஷயம்னு நினைச்சு காலண்டரை மாட்டி மறைச்சுட்டு விட்டுடறாங்க. இங்கிலாந்துல ராச்டேல்ங்கிற ஊர்ல 2020 டிசம்பர்ல அவாப் இஷாக்னு ரெண்டு வயசுக் குழந்தை, வீட்ல இருந்த பூஞ்சையால மூச்சுக் கோளாறு வந்து செத்துப் போச்சு. அந்தக் குழந்தையோட அப்பா வருஷக்கணக்கா புகார் சொல்லிட்டு இருந்திருக்கார். அதுக்கப்புறம் அந்தக் குழந்தை பேர்லயே சட்டம் கொண்டு வந்தாங்க, குறைஞ்ச வாடகைக்கு வீடு விடற சமூகக் குடியிருப்பு அமைப்புங்க இத்தனை நாளுக்குள்ள பூஞ்சையைப் பார்த்து சரி பண்ணியே ஆகணும்னு. நம்ம ஊர் சட்டத்துல பூஞ்சைன்னு தனி வார்த்தை இல்ல, ஆனா ஓதத்துக்குக் காரணம் பெரும்பாலும் மாடித் தளம், வெளிச்சுவர் விரிசல், உள்ள இருக்கிற பைப், மூணுமே ஓனர் பட்டியல்ல வர்றதுதான். கடிதத்துல "ஓதமா இருக்கு"ன்னு மட்டும் எழுதாம "மாடியில இருந்து நீர்க்கசிவு, கட்டிட அமைப்பு ரிப்பேர் தேவை"ன்னு காரணத்தையும் சேர்த்து எழுதுங்க.

படி 1: வீடு பார்க்கப் போறப்போவே பாதி வேலையை முடிச்சுடுங்க

பகல்ல ஒரு தடவை போங்க, முடிஞ்சா மழை பெய்ஞ்ச மறுநாள் போங்க. புது பெயின்ட் வாசனை அடிச்சா சந்தோஷப்படாதீங்க, சுவர் ஓரத்துல தரையில இருந்து ஒரு அடி உயரத்துக்கு கையை வெச்சுப் பாருங்க, சில்லுனு இருந்தா உள்ள ஓதம் இருக்கு. ஒரு கம்போ துடைப்பக் கட்டையோ எடுத்து சீலிங்கை மெல்லத் தட்டிக்கிட்டே போங்க, கெட்டியா இருக்கிற இடத்துல டக் டக்குன்னு கேட்கும், காரை விட்டுப்போன இடத்துல காலிப் பானையைத் தட்டற மாதிரி சத்தம் மாறும். சத்தம் மாறுற இடம் ஒரு நாள் விழும்.

மெயின் பாக்ஸைத் திறந்து ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே தானா ஆஃப் ஆகற சுவிட்ச்) இருக்கான்னு பாருங்க, அதுல டி எழுதின ஒரு குட்டி பட்டன் இருக்கும், அழுத்தினா சுவிட்ச் கீழே விழணும், விழலைன்னா அது வேலை செய்யலைன்னு அர்த்தம். மனுஷ உயிரைக் காப்பாத்தறது 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி, வெறும் எம்சிபி மட்டும் இருந்தா ஷாக்குல இருந்து காப்பாத்தாது, அது ஓவர்லோடுக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும்தான். சின்னக் குழந்தைங்க இருந்தா சம்ப் மூடி, பால்கனி கைப்பிடிச் சுவர், மாடிப்படி கம்பி, மொட்டை மாடி சுவர் உயரம் நாலையும் பார்க்காம அட்வான்ஸ் கொடுக்காதீங்க. பாத்ரூமுக்குள்ள கேஸ் கீசர் இருந்தா காத்து போக வழி இருக்கான்னு பாருங்க, அதுல இருந்து வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

சாவி வாங்கின அன்னைக்கே சாமான் இறக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ரூமையும் வீடியோ எடுத்து அன்னைக்கே ஓனருக்கு வாட்ஸ்ஆப்ல அனுப்பிடுங்க. "சார், இன்னைக்கு வீட்டோட நிலைமை இது, இந்த மூணு இடத்துல விரிசல் இருக்கு"ன்னு ஒரு வரி. குடி வந்த அன்னைக்கு வீடு என்ன நிலைமையில இருந்துச்சோ அதே நிலைமையில ரெண்டு பேரும் வெச்சுக்கணும், சாதாரணத் தேய்மானம் தவிர, இதுதான் 15வது பிரிவோட அடிப்படை. அந்த "அன்னைக்கு நிலைமை" என்னன்னு நிரூபிக்க அந்த வீடியோவை விட்டா வேற எதுவும் இருக்காது.

படி 2: அக்ரிமென்ட்டை எழுதி, பதிவும் பண்ணுங்க

11 மாசத்துக்கு ஸ்டாம்ப் பேப்பர்ல டைப் பண்ணி கையெழுத்து போட்டா போதும்னு எல்லாரும் நினைக்கிறாங்க. அந்த 11 மாசப் பழக்கம் எங்கிருந்து வந்துச்சுன்னா, 1908 பதிவுச் சட்டப்படி ஒரு வருஷத்துக்கு மேல போற குத்தகையை சார்பதிவாளர் ஆபீஸ்ல பதிவு பண்ணணும், அதுல இருந்து தப்பிக்கத்தான். 2017 சட்டம் அதைப் பார்க்கல, எத்தனை மாசமா இருந்தாலும் அக்ரிமென்ட் எழுத்துல இருக்கணும், 90 நாளைக்குள்ள ரென்ட் அத்தாரிட்டிகிட்ட பதிவு பண்ணணும்னு 4வது பிரிவு சொல்லுது. ரென்ட் அத்தாரிட்டின்னா துணை கலெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத ஒரு அதிகாரி, வாடகை அதிகாரின்னும் சொல்லுவாங்க. அரசோட டெனன்சி வெப்சைட்லயே அப்லோட் பண்ணலாம், பதிவு ஆனதும் ஒரு எண் கொடுப்பாங்க.

இதைப் பண்ணாம விட்டா, பின்னாடி நீங்க மனு போடும்போது முதல் கேள்வியே "பதிவு எண் எங்க"ன்னு வரும். ஓனர் வரலைன்னா நீங்க தனியாவும் விண்ணப்பிக்கலாம். வரி கட்ட வேண்டியிருக்கும்னு ஓனருங்க தயங்குவாங்க, அப்போ "சார், பதிவு பண்ணாத அக்ரிமென்ட்டை நாளைக்கு நீங்களும் ஆதாரமா காட்ட முடியாது"ன்னு பக்குவமா எடுத்துச் சொல்லுங்க, அது உண்மையும் கூட.

அட்வான்ஸ் விஷயம்: வேற மாதிரி ஒப்பந்தம் போடலைன்னா மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாது. சென்னையில பத்து மாசம் கேட்கிறவங்க இன்னும் இருக்காங்க, நீங்க ஒப்புக்கிட்டு கையெழுத்து போட்டுட்டா அது ஒப்பந்தம் ஆயிடும், அதனால பேரம் பேச வேண்டிய நேரம் கையெழுத்துக்கு முன்னாடிதான்.

"அனைத்து பழுதுகளையும் வாடகைதாரரே சரி செய்து கொள்ள வேண்டும்"னு ஒரு வரி நிறைய அக்ரிமென்ட்ல கண்ணுக்குத் தெரியாம ஒளிஞ்சிருக்கும். அதை அடிக்கச் சொல்லுங்க, அடிச்ச இடத்துல ரெண்டு பேரும் கையெழுத்து போடுங்க. ஏற்கெனவே கையெழுத்து போட்டாச்சுன்னா மனசை விட்டுடாதீங்க, எழுத்துல வேற ஒப்பந்தம் இருந்தாலும்னு சொல்லித்தான் 15வது பிரிவே தொடங்குது, அந்த வாதத்தை ரென்ட் அத்தாரிட்டி முன்னாடி வைக்கலாம்.

படி 3: ஆபத்தா, தொந்தரவா, பிரிச்சுப் பாருங்க

பெயின்ட் உரியுது, கதவு சரியா சாத்த மாட்டேங்குது, இதெல்லாம் தொந்தரவு, மாசக்கணக்கு ஆனாலும் பரவாயில்ல. ஷாக் அடிக்குது, சீலிங்ல கம்பி தெரியுது, தூண்ல சாய்வா விரிசல், விரிசல் நாளுக்கு நாள் அகலமாகுது, சம்ப் மூடி இல்ல, செப்டிக் டேங்க் தண்ணி குடிதண்ணியில கலக்குது, இதெல்லாம் ஆபத்து. ஆபத்துன்னா கடிதம், அவகாசம்னு வரிசையெல்லாம் பார்க்காதீங்க, முதல்ல அந்த ரூமைக் காலி பண்ணுங்க, மெயினை ஆஃப் பண்ணுங்க, அப்புறம் எழுதுங்க.

2021 டிசம்பர் 27, திருவொற்றியூர் அரிவாக்குளத்துல நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்புல ஒரு பிளாக்ல 24 வீடும் சரிஞ்சு தரைமட்டம் ஆச்சு. ஒரு உயிர் கூடப் போகல. ஏன்னா விரிசல் விட்டதைப் பார்த்து உள்ள இருந்தவங்க ஒருத்தருக்கொருத்தர் சொல்லி கட்டிடம் விழறதுக்கு முன்னாடியே வெளிய வந்துட்டாங்க. விரிசலைப் பார்த்து பயந்தா கோழைன்னு யாராவது சொன்னா இதை நினைச்சுக்கோங்க.

விரிசல் அகலமாகுதான்னு தெரிய ஒரு எளிய வழி, விரிசலோட ரெண்டு முனையிலயும் பென்சில்ல கோடு போட்டு பக்கத்துல தேதி எழுதுங்க, பக்கத்துல ஒரு ஸ்கேலை வெச்சு போட்டோ எடுங்க, வாரம் ஒரு தடவை அதே மாதிரி எடுங்க. நான் எங்க சீலிங்குக்கு அப்படி எடுத்த அஞ்சு போட்டோவை வரிசையா வெச்சப்போ, ஓனர் மகன் அதைப் பார்த்துட்டு ஒரு வார்த்தை பேசல.

கட்டிடமே ஆபத்தா இருக்குன்னா மாநகராட்சி, நகராட்சிகிட்டயும் எழுதுங்க. சிதிலமடைஞ்ச கட்டிடத்துக்கு நோட்டீஸ் கொடுக்கவும், சரி பண்ணவோ இடிக்கவோ உத்தரவு போடவும் அவங்களுக்கு அதிகாரம் இருக்கு. ஒண்ணை யோசிச்சுட்டு செய்யுங்க, இடிக்க உத்தரவு வந்தா நீங்களும் வெளியேற வேண்டியிருக்கும், உயிர்தான் முக்கியம்னா தயங்க வேண்டாம்.

படி 4: எழுதுங்க

ரொம்ப முக்கியமான படி இதுதான், நான் ரெண்டு வருஷம் கோட்டை விட்டதும் இங்கதான். சட்டத்துல நமக்குக் கிடைக்கிற ஒவ்வொரு வழியும் ஓனர்கிட்ட சொல்லியும் அவர் மறுத்தார், நியாயமான நேரம் கொடுத்தும் செய்யலைங்கிற இடத்துல இருந்துதான் தொடங்குது. அதை நிரூபிக்க எழுத்து வேணும்.

வக்கீல் நோட்டீஸ் மாதிரி மிரட்டல் வேண்டாம். நான் எழுதின மாதிரியையே தர்றேன், பேர் ஊர் மட்டும் மாத்திக்கோங்க:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தங்கள் வீட்டின் முதல் மாடியில் நான் வாடகைக்குக் குடியிருந்து வருகிறேன். கடந்த 14ஆம் தேதி இரவு ஹால் மேற்கூரையின் பூச்சு பெயர்ந்து விழுந்தது. உள்ளே இருக்கும் கம்பிகள் துருப்பிடித்து வெளியே தெரிகின்றன. மாடித் தளத்தில் இருந்து நீர் கசிவதே காரணம் என்று பார்வையிட்ட கொத்தனார் கூறியுள்ளார். இது கட்டிட அமைப்பு சார்ந்த பழுது என்பதால் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் 15ஆவது பிரிவு மற்றும் இரண்டாவது அட்டவணைப்படி தங்கள் பொறுப்பில் வருகிறது. இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் சரிசெய்து தரும்படி கேட்டுக்கொள்கிறேன். புகைப்படங்கள் இணைத்துள்ளேன். வேலையாட்கள் வர வசதியான நாள், நேரத்தைத் தெரிவித்தால் வீட்டில் இருப்பேன்."

அவ்வளவுதான். கோபம் ஒரு வார்த்தை கூட இல்ல, ஆனா தேதி இருக்கு, காரணம் இருக்கு, பிரிவு எண் இருக்கு, அவகாசம் இருக்கு. 15 நாள்ங்கிறது சட்டத்துல இருக்கிற கணக்கு இல்ல, நான் நியாயம்னு நினைச்சுப் போட்டது, ஷாக் அடிக்கிற மாதிரி விஷயம்னா ரெண்டு நாள் போடுங்க. ஸ்பீட் போஸ்ட்ல கையெழுத்து வாங்கி டெலிவரி பண்ற மாதிரி அனுப்புங்க, பழைய ரிஜிஸ்டர்ட் போஸ்ட்டை 2025ல ஸ்பீட் போஸ்ட்டோட சேர்த்துட்டாங்க. ஒரு காப்பி, தபால் ரசீது, டிராக்கிங்ல டெலிவரி ஆன ஸ்க்ரீன்ஷாட் மூணையும் ஒண்ணா வைங்க. அதே கடிதத்தை வாட்ஸ்ஆப்லயும் அனுப்புங்க. வாட்ஸ்ஆப்பும் ஆதாரம்தான், பாரதிய சாட்சிய அதினியம் 63வது பிரிவுப்படி ஒரு சான்றிதழோட கொடுக்கணும், அதனால அந்த சாட்டை டெலீட் பண்ணாதீங்க, போன் மாத்தினாலும் பேக்கப் எடுத்து வைங்க.

எங்க ஓனர் கடிதம் போன நாலாவது நாள் கொத்தனாரோட வந்து நின்னார். "ஏம்மா, போன்ல சொன்னா போதாதா, லெட்டரெல்லாம் எதுக்கு"ன்னார். ரெண்டு வருஷம் போன்லதான் சொன்னேன்னு நான் சொல்லல, காபி போட்டுக் கொடுத்தேன். எல்லா ஓனரும் கெட்டவங்க இல்ல, இவரும் பென்ஷன்ல வாழற மனுஷன், கையில காசு இல்லாமதான் தள்ளிப் போட்டுட்டு இருந்திருக்கார். காசு பிரச்சனைன்னா "நான் இப்போ செலவு பண்றேன், வாடகையில கழிச்சுக்கலாம்"னு ரெண்டு பேரும் எழுதி கையெழுத்து போட்டுக்கிட்டா அதுவே நல்ல தீர்வு.

வேலை பார்க்க ஓனரோ ஆளுங்களோ வர்றதா இருந்தா 24 மணி நேரம் முன்னாடி எழுத்துல சொல்லணும், திடீர்னு சாவி போட்டு உள்ள வரக்கூடாது. அதே சமயம் அவர் முறையா சொல்லிட்டு வந்தா நீங்களும் கதவைத் திறந்து விடணும், வேலைக்கு இடம் கொடுக்காம இருந்துட்டு அப்புறம் அவர் செய்யலைன்னு சொல்ல முடியாது.

படி 5: அவகாசம் முடிஞ்சும் செய்யலைன்னா

மூணு வழி இருக்கு.

ஒண்ணு, நீங்களே செஞ்சுட்டு வாடகையில கழிக்கிறது. ஆனா ஒரு மாச வாடகையில பாதிக்கு மேல கழிக்கக் கூடாது. உதாரணத்துக்கு வாடகை 14,000, ரிப்பேர் செலவு 18,500ன்னு வைங்க. முதல் மாசம் 7,000, ரெண்டாவது மாசம் 7,000, மூணாவது மாசம் 4,500 கழிச்சுக்கிட்டு மீதியைக் கட்டிடணும். 1960 சட்டத்துல இதுக்கு ரென்ட் கன்ட்ரோலர்கிட்ட மனு போட்டு, அதுவும் வருஷ வாடகையில பன்னிரண்டுல ஒரு பங்குக்குள்ளதான் கழிக்க முடியும், அதோட ஒப்பிட்டா இது பெரிய மாற்றம். வேலை தொடங்கறதுக்கு முன்னாடி ரெண்டு பேர்கிட்ட எஸ்டிமேட் வாங்கி அதை ஓனருக்கு அனுப்பிட்டு, "இந்தத் தேதியில இருந்து வேலை ஆரம்பிக்கிறேன்"னு சொல்லிட்டு ஆரம்பிங்க. பில் இல்லாம ஒரு ரூபாய் கூட செலவு பண்ணாதீங்க, கொத்தனார் பில் கொடுக்க மாட்டார்னா ஜிபேல அனுப்புங்க. ஓதத்துக்காக ஆள் வந்திருக்கார்னு சேர்த்து மாடுலர் கிச்சன் போட்டுட்டு அதையும் கழிக்கக் கூடாது, ஓனர் பட்டியல்ல இருக்கிற வேலை மட்டும்தான்.

ரெண்டு, ரென்ட் அத்தாரிட்டிகிட்ட மனு போடறது. பெரிய செலவு, மொத்தக் கட்டிடமும் சம்பந்தப்பட்டது, மாடித் தளத்துல வேலை செய்ய ஓனர் விடமாட்டேங்கறார்ங்கிற மாதிரி இடத்துல இதுதான் வழி. அக்ரிமென்ட், பதிவு எண், கடிதக் காப்பி, டெலிவரி ஆதாரம், தேதியோட போட்டோ, எஸ்டிமேட் எல்லாத்தையும் வரிசைப்படுத்தி, மேல ஒரு பக்கத்துல நடந்ததைத் தேதிவாரியா எழுதுங்க. அதிகாரிக்கு உங்க பைலைப் படிக்க அஞ்சு நிமிஷம்தான் கிடைக்கும்னு நினைச்சு எழுதுங்க. இதுக்கு மேல வாடகை நீதிமன்றம், அதுக்கு மேல வாடகைத் தீர்ப்பாயம் இருக்கு. வேகமா நடக்கும்னு நான் சொல்ல மாட்டேன், அலையணும். ஆனா சம்மன் வந்ததும் பேசி முடிக்கிற ஓனருங்களும் உண்டு.

மூணு, வீட்டை விட்டுப் போறது. ரிப்பேர் பண்ணாம அந்த வீட்ல வாழவே முடியாதுங்கிற நிலைமை, எழுத்துல கேட்டும் ஓனர் மறுத்துட்டார்னா, 15 நாள் எழுத்துல நோட்டீஸ் கொடுத்துட்டு வெளியேறலாம். அக்ரிமென்ட்ல ரெண்டு மாச நோட்டீஸ்னு இருக்கே, லாக்-இன் (இத்தனை மாசம் முடியாம காலி பண்ணக் கூடாதுங்கிற ஷரத்து) இருக்கேன்னு பயந்து ஆபத்தான வீட்ல உட்கார்ந்திருக்கிறவங்களுக்காகத்தான் இந்த வழி.

நாலாவதா ஒரு வழியை எல்லாரும் சொல்லுவாங்க, "வாடகையை நிறுத்திடு, தன்னால வருவான்"னு. தயவுசெஞ்சு பண்ணாதீங்க. ரெண்டு மாச வாடகை பாக்கி வெச்சு, நோட்டீஸ் வந்த ஒரு மாசத்துக்குள்ளயும் கட்டலைன்னா 21வது பிரிவுப்படி காலி பண்ண வைக்க அது ஒரு காரணம் ஆயிடும், அத்தனை நாள் உங்க பக்கம் இருந்த நியாயம் அவர் கைக்குப் போயிடும். ஓனரே கோபத்துல வாடகையை வாங்க மறுத்தா மணியார்டர்லயோ அக்கவுன்ட்லயோ அனுப்பிப் பாருங்க, தொடர்ந்து ரெண்டு மாசம் வாங்கலைன்னா ரென்ட் அத்தாரிட்டிகிட்ட டெபாசிட் பண்ண 14வது பிரிவுல வழி இருக்கு.

படி 6: தண்ணி, கரண்ட்ல கை வெச்சா

புகார் கொடுத்த மறுநாள் மோட்டார் ரிப்பேர்னு சொல்லுவாங்க, உங்க போர்ஷனுக்கு மட்டும் தண்ணி வராது. 20வது பிரிவு இதுக்காகவே இருக்கு. தண்ணி, கரண்ட், படிக்கட்டு லைட், லிஃப்ட், துப்புரவு வசதி இதையெல்லாம் ஓனரோ அவர் வெச்ச மேனேஜரோ நிறுத்தக் கூடாது. ரென்ட் அத்தாரிட்டிகிட்ட மனு போட்டா, விசாரணை முடியற வரைக்கும் காத்திருக்காம உடனே திரும்பக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போட முடியும். டேப்பைத் திறந்து தண்ணி வராததை, அதே நேரத்துல கீழ் வீட்ல வர்றதை ஒரே வீடியோவா எடுத்து வைங்க.

படி 7: "காலி பண்ணு"ன்னு சொன்னா

எல்லாருக்கும் உள்ளுக்குள்ள இருக்கிற பயம் இதுதான், எனக்கும் இருந்துச்சு. காலி பண்ண வைக்க என்னென்ன காரணம்னு 21வது பிரிவுல பட்டியல் இருக்கு: வாடகை பாக்கி, உள்வாடகைக்கு விட்டது, வீட்டைத் தப்பா பயன்படுத்தினது அந்த மாதிரி. ரிப்பேர் கேட்டார்ங்கிறது அதுல இல்ல. உத்தரவு வாடகை நீதிமன்றத்துல இருந்துதான் வரணும், பூட்டை மாத்தறது, சாமானை வெளிய வைக்கிறது, ஆளுங்களை அனுப்பறது எதுவும் செல்லாது. ஒண்ணு மட்டும் கவனிச்சுக்கோங்க, ஆள் காலி பண்ணாம செய்ய முடியாத பெரிய ரிப்பேர்ங்கிறதும் அந்தப் பட்டியல்ல ஒரு காரணம். அதைச் சொல்லி கேட்டா வேலை முடிஞ்சதும் திரும்பி வர்றதைப் பத்தி எழுத்துல பேசிக்கோங்க.

வக்கீல் வைக்க வசதி இல்லைன்னா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு, பெரும்பாலும் நீதிமன்ற வளாகத்துலயே. பெண்கள், எஸ்சி எஸ்டி மக்கள், மாற்றுத்திறனாளிகள் இவங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு, 15100க்கு போன் பண்ணிக் கேட்கலாம்.

யாருக்காவது அடிபட்டா

இது வரக்கூடாது, வந்தா என்ன செய்யணும்னு தெரிஞ்சிருக்கணும். முதல்ல ஆஸ்பத்திரி. அங்க எப்படி அடிபட்டுச்சுன்னு கேட்பாங்க, "வழுக்கி விழுந்துட்டார்"னு சொல்லி மழுப்பாதீங்க, சீலிங் விழுந்துச்சுன்னா சீலிங் விழுந்துச்சுன்னே எழுதச் சொல்லுங்க. இடிஞ்ச இடத்தை அள்ளிக் கொட்டறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க. கட்டிடத்தை இடிக்கும்போதோ, ரிப்பேர் பண்ணும்போதோ, கட்டும்போதோ அது விழுந்து உயிருக்கு ஆபத்து வராம பார்த்துக்கறதுல அலட்சியமா இருக்கிறது பாரதிய நியாய சன்ஹிதா 290வது பிரிவுல வரும், அலட்சியத்தால உயிர் போனா 106வது பிரிவு, 5 வருஷம் வரைக்கும் தண்டனை. நஷ்டஈட்டுக்கு சிவில் கோர்ட் தனி. இங்கயும் கேட்கிற முதல் கேள்வி ஓனருக்கு ஆபத்து இருக்கிறது தெரியுமாங்கிறதுதான், நாலாவது படியில அனுப்பின கடிதம் அந்தக் கேள்விக்குப் பதில்.

இந்தச் சட்டம் பொருந்தாத இடங்க

அரசு குடியிருப்பு, கம்பெனி வேலையோட கொடுக்கிற குவார்ட்டர்ஸ், வக்ஃப் சொத்து இதெல்லாம் இந்தச் சட்டத்துக்கு வெளிய. அங்க அந்தந்தத் துறைக்கும் உள்ளாட்சிக்கும்தான் எழுதணும். பெண்கள் ஹாஸ்டல்ல இருக்கிறவங்களுக்கு 2014ல வந்த தமிழ்நாடு மகளிர் மற்றும் குழந்தைகள் விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கு, லைசென்ஸ் இல்லாம நடத்த முடியாது, சேர்றதுக்கு முன்னாடி லைசென்ஸ் காப்பியைக் கேட்டுப் பாருங்க, காட்டத் தயங்கினா வேற இடம் பாருங்க.

படி 8: காலி பண்ணும்போது

கடைசி நாள் வீடு கூட்டித் துடைச்ச பிறகு, குடி வந்த அன்னைக்கு எடுத்த அதே வரிசையில, அதே கோணத்துல இன்னொரு வீடியோ எடுங்க. சாவியைக் கொடுக்கும்போது "இன்னைக்கு இத்தனை சாவி ஒப்படைச்சேன், ஈபி பில் இந்தத் தேதி வரைக்கும் கட்டியாச்சு, மீட்டர் ரீடிங் இது"ன்னு வாட்ஸ்ஆப்ல போட்டுட்டு ஓனர்கிட்ட இருந்து ஒரு "ஓகே" வாங்கிக்கோங்க. அட்வான்ஸை நியாயமான கழிவு போக ஒரு மாசத்துக்குள்ள திருப்பிக் கொடுக்கணும். கழிக்கிறதா இருந்தா எதுக்கு எவ்வளவுன்னு பில்லோட கேளுங்க. "பெயின்ட்டிங்குக்கு ஒரு மாச வாடகை"ன்னு கண்ணை மூடிட்டு பிடிக்கிற வழக்கம் நிறைய இடத்துல இருக்கு, வெள்ளையடிக்கிறது இரண்டாவது அட்டவணைப்படி ஓனரோட வேலை, அந்தப் பக்கத்தை பிரின்ட் எடுத்து சாவியோட சேர்த்துக் கையில வெச்சுக்கோங்க.